ரொறன்ரோ தீவு விமான நிலையமும் துறைமுகமும்: ஏரிக்கரைக்குக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவில் இருந்து நகர மையத்துக்கு வீடு மாறியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகள் சில உண்டு. பல்கனியின் ஒரு பக்கம் விமானம் இறங்குகிறது, மறுபக்கம் சீனிக் கப்பல் நிற்கிறது. இதெல்லாம் யார் பொறுப்பு, சத்தத்துக்கு யாரிடம் போவது, "பசுமை விமான நிலையம்" என்று சொல்கிறார்களே, அது உண்மையா? திரும்பத் திரும்ப ஒவ்வொருவருக்கும் விளக்குவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோ விமான நிலையம் என்றால் பியர்சன்தானே? இது எது?

இது பில்லி பிஷப் விமான நிலையம். முதல் உலகப் போரில் பெயர் எடுத்த கனேடிய விமானி ஒருவரின் பெயர். 1939இல் திறந்தார்கள். ரொறன்ரோ தீவுகளின் மேற்கு முனையில் இருக்கிறது. பாதர்ஸ்ட் வீதி ஏரியில் முடியும் இடத்தில் நின்றால் எதிரே தெரியும். நடுவில் இருப்பது சுமார் 120 மீற்றர் அகலமான ஒரு நீரிணை மட்டும்தான். பியர்சனோடு ஒப்பிட்டால் மிகவும் சின்னது: பெரிய ஓடுபாதையே ஏறத்தாழ 1,216 மீற்றர்தான். கொரோனாவுக்கு முந்திய நல்ல வருடங்களில் ஆண்டுக்கு 28 லட்சம் பயணிகள் வரை போய்வந்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் ஒரே நிறுவனமா நடத்துகிறது?

ஆம். ரொறன்ரோ துறைமுக ஆணையம். 1911இல் உருவான துறைமுக ஆணையர் சபையின் வாரிசு. 1999இல், கனடா கடல்சார் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் துறைமுக ஆணையங்களில் ஒன்றாக மாறியது. 2015இல் "போர்ட்ஸ் ரொறன்ரோ" என்று பெயர் வைத்துக்கொண்டது. பழைய அறிவித்தல்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். விமான நிலையம், சரக்குத் துறைமுகம், வெளித்துறைமுகத்தில் உள்ள படகுத்துறை எல்லாம் இவர்கள் கையில்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இது நகரசபையின் கிளை அல்ல. ஆகவே கவுன்சிலருக்கு எழுதினால் அவர் உத்தரவு போட முடியாது, அழுத்தம் கொடுக்க மட்டும் முடியும். பலருக்கு இது தெரியாமல் ஒரு வருடம் வீணாகப் போகிறது.

நகரத்தின் நடுவில் ஜெட் விமானம் வராமல் இருப்பது எப்படி?

சும்மா வந்த சலுகை அல்ல அது. 1983இல் மத்திய அரசு, நகரசபை, அப்போதைய துறைமுக ஆணையர் சபை மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதின. முத்தரப்பு ஒப்பந்தம் என்பார்கள். அந்த ஒப்பந்தப்படி, நோயாளிகளை ஏற்றும் விமானங்கள் தவிர்ந்த ஜெட்டுகளுக்கு இடமில்லை. இரைச்சலுக்கும் ஓர் எல்லைக்கோடு வரைந்திருக்கிறார்கள். வருடத்தின் மொத்தச் சத்தமும் வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. அதன் அடிப்படையில் நாளொன்றுக்கு 202 வணிக விமானப் போக்குவரத்துகளுக்குத்தான் இடம். ஒரு விமானம் இறங்கினால் ஒன்று, ஏறினால் இன்னொன்று.

அதன் பிறகு நடந்தது நீண்ட இழுபறி. 2002இல் தீவுக்குப் பாலம் போட நகரசபை சம்மதித்தது. அடுத்த வருடம் டேவிட் மில்லர் "பாலம் வேண்டாம்" என்று சொல்லியே மேயர் தேர்தலில் வென்றார். வந்த கையோடு பாலம் நின்றது. கட்ட ஒத்துக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நட்டஈடாக மத்திய அரசு 3.5 கோடி டொலர் கொடுத்து முடித்தது. 2006இல் போர்ட்டர் நிறுவனம் கியூ400 என்ற காற்றாடி விமானங்களோடு வந்தது. 2013இல் அதே நிறுவனம் ஜெட் விட வேண்டும், ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கேட்டது. ஏரிக்கரை மக்கள் "நோ ஜெட்ஸ்" என்று பலகை பிடித்தார்கள். இரண்டு வருடம் கூட்டம், அறிக்கை, வாதம். 2015 நவம்பரில் புதிய போக்குவரத்து அமைச்சர் மார்க் கார்னோ ஒப்பந்தத்தைத் திருத்த மாட்டோம் என்று அறிவித்தபோதுதான் அடங்கியது.

என் கணக்கில் இந்த விமான நிலையத்தின் எல்லாச் சூழல் நடவடிக்கைக்கும் வேர் இந்த ஒப்பந்தக் காகிதம்தான். சத்தத்துக்கு உச்சவரம்பு இருந்தபடியால்தான் சத்தம் குறைந்த விமானங்களைத் தேடிப் போனார்கள். வரம்பே இல்லாத இடத்தில் மனமிரங்கி யாராவது அமைதியாக நடத்தியிருப்பார்களா?

இரவு பதினொரு மணிக்குப் பிறகு விமானம் இல்லை என்றார்கள். பிறகேன் இரண்டு மணிக்கு ஹெலிகொப்டர் சத்தம்?

இரவு 11 மணியில் இருந்து காலை 6.45 வரை வணிக விமானங்களுக்கு விமான நிலையம் மூடியிருக்கும். அம்புலன்ஸ் விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஒன்ராறியோவின் வான் அம்புலன்ஸ் சேவையான ஓர்ஞ்சுக்கு இங்கே ஒரு தளம் உண்டு. வடக்கே தூரத்து ஊர்களில் இருந்து வரும் நோயாளிகளும், மாற்றுச் சிகிச்சைக்கான உறுப்புகளை எடுத்துப் போய்வரும் மருத்துவக் குழுக்களும் இங்கேதான் இறங்குகிறார்கள். சிறுவர் மருத்துவமனையும் ரொறன்ரோ ஜெனரலும் இங்கிருந்து சில கிலோமீற்றர்தான். அந்தச் சத்தத்துக்கு முறைப்பாடு எழுதப் போனால் கொஞ்சம் யோசியுங்கள்.

சில மாலைகளில் மட்டும் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஏன்?

ஏரிதான் காரணம். இளவேனிலில் தண்ணீர் இன்னும் குளிராக இருக்கும், மேலே காற்று சூடாகிவிடும். குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் இருந்தால் சத்தம் மேலே போய்க் கரையாமல் வளைந்து கீழே திரும்பும். தண்ணீர்ப் பரப்பில் மரமோ சுவரோ இல்லை, தடுக்க ஒன்றும் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் தீவில் யாரோ கதைப்பதுகூடக் கேட்பதுபோல் இருப்பது இதனால்தான்.

பறக்கும் சத்தத்தைவிடப் பழைய ஆட்கள் அதிகம் திட்டியது நிலத்தில் வரும் சத்தத்தை. இயந்திரம் பழுதுபார்த்த பிறகு, விமானத்தை நிறுத்தி வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஓடாமல் ஒரே இடத்தில் நின்று உறுமும். இதற்காக 2017இல் மூன்று பக்கமும் உயரமான சத்தம் உறிஞ்சும் சுவர் வைத்த ஓர் அடைப்புக் கட்டினார்கள். கனடாவில் இப்படியானவை மிக அரிது. விமானத்தை அதற்குள் கொண்டுபோய் ஓடவிடுகிறார்கள். செலவு பிடித்த வேலைதான், ஆனால் அயலவர்கள் வருடக்கணக்காகக் கேட்டது கண்ணுக்கு முன்னால் கட்டடமாக நிற்பதற்கு இது நல்ல உதாரணம்.

முறைப்பாடு செய்தால் யாராவது கேட்பார்களா?

பதில் வரும். சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விமான நிலையத்துக்கு இரைச்சல் முறைப்பாட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. எந்த விமானம் எந்த உயரத்தில் போனது என்று பார்க்கும் வரைபடமும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். "எப்போதும் சத்தம், தாங்க முடியவில்லை" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. திகதி, நேரம் நிமிடக் கணக்கில், நீங்கள் நிற்கும் இடம், விமானம் வந்த திசை, இந்த நான்கையும் எழுதுங்கள். அப்போதுதான் குறிப்பிட்ட விமானத்தைக் கண்டுபிடிக்க முடியும். பியர்சனுக்குப் போகும் விமானமாகவும் இருக்கலாம், பொலிஸ் ஹெலிகொப்டராகவும் இருக்கலாம். அப்படியானால் அதையும் சொல்வார்கள்.

அப்புறம், 2010களின் தொடக்கத்தில் இருந்து சமூகத் தொடர்புக் குழு ஒன்று இயங்குகிறது. குடியிருப்போர் சங்கங்கள், கவுன்சிலரின் அலுவலகம், விமான நிறுவனங்கள் எல்லாரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் கூடுகிறார்கள். பொதுமக்களும் போய் உட்காரலாம். கூட்டக் குறிப்புகளை வெளியிடுகிறார்கள். அவற்றை வாசித்தால் ஏரிக்கரையின் பத்துப் பதினைந்து வருடச் சண்டை முழுவதும் தெரியும்: இரவு நேரக் கட்டுமானம், டாக்சி வரிசை, திரும்பவும் இரவு நேரக் கட்டுமானம்.

ஒன்று மட்டும் தெரிந்து போங்கள். அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், அங்கே வாக்கெடுத்து எதையும் நிறுத்த முடியாது. ஜெட்டை நிறுத்தியது அந்தக் குழு அல்ல, அதற்கு வெளியே பலகை பிடித்தவர்கள். இரண்டும் தேவைதான். டாக்சி எங்கே நிற்பது என்ற பிரச்சினைக்குக் குழு போதும், ஓடுபாதைப் பிரச்சினைக்குப் போதாது.

டாக்சி வரிசை என்கிறீர்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

அந்த முடுக்கைப் போய்ப் பார்த்தால் தெரியும். விமான நிலையத்துக்குப் போகும் ஒரே வீதி எய்ரின் கீ. அகலமும் இல்லை, மறுபக்கம் வெளியேறும் வழியும் இல்லை. அந்த வீதி தொடங்கும் மூலையிலேயே ஒரு பாடசாலையும் சமூக மையமும் இருக்கின்றன. காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரமும் மொன்றியல் விமானத்துக்கு ஓடிவருபவர்களின் நேரமும் ஒன்று. இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும் வண்டிகளின் புகை நேரே விளையாட்டு மைதானத்துக்கு. பறக்கும் விமானத்தைவிட இதுதான் அம்மாமாரின் கோபம்.

நடந்தும் ஸ்ட்ரீட்காரிலும் வருபவர்களின் பங்கு மற்ற விமான நிலையங்களைவிட இங்கே மிக அதிகம். யூனியன் நிலையத்தில் இருந்து இணைப்பு பஸ் இருக்கிறது. நீங்கள் ஒரு பையோடு போவதென்றால் தயவுசெய்து அதில் போங்கள்.

அந்த வீதியின் முனையில் அயர்லாந்துப் பூங்கா இருக்கிறது. 1847இல் பஞ்சத்தில் அடிபட்டு 38,000 ஐரிஷ் மக்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். அப்போது ரொறன்ரோவின் மொத்த சனத்தொகையே சுமார் 20,000. எலும்பும் தோலுமான வெண்கலச் சிலைகள் ஏரிக்கரையில் நிற்கின்றன. அகதியாக வந்தவர்கள் அந்த இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும்.

மின்சாரப் படகு என்று பெரிதாகச் சொல்கிறார்களே?

மரிலின் பெல் என்ற படகு. 1954இல் 16 வயதில் ஒன்ராறியோ ஏரியை நீந்திக் கடந்த பெண்ணின் பெயர். டீசலில் ஓடிக்கொண்டிருந்த படகை 2021இல் முழுக்கப் பற்றரிக்கு மாற்றினார்கள். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போன நினைவோடு ஏறிவிடாதீர்கள். ஏறி, பையைக் கீழே வைத்து, கைப்பிடியைப் பிடிக்கும் முன்னரே அக்கரை வந்துவிடும், தொண்ணூறு விநாடிதான். உலகின் மிகக் குறுகிய படகுச் சேவைகளில் ஒன்று என்கிறார்கள். நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு கரையில் நின்றால் டீசல் மணமும் குலுக்கமும் இருக்கும், இப்போது தண்ணீர் பக்கவாட்டில் அடிக்கும் சத்தம் மட்டும்.

நல்ல வேலைதான். ஆனாலும் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். படகு, கட்டட விளக்கு, வெப்பமூட்டல் எல்லாம் விமான நிலையம் தன் பெயரில் எழுதும் கணக்கு. 2010 முதல் தாங்கள் பாவிக்கும் மின்சாரத்துக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குவதும் அதில் சேரும். விமானங்கள் எரிக்கும் எரிபொருள் விமான நிறுவனங்களின் கணக்கில் போகும், அதுதான் மிகப் பெரிய பங்கு. ஆகவே யாராவது "எங்கள் வெளியேற்றம் இவ்வளவு குறைந்தது" என்று சொன்னால், எந்தக் கணக்கு என்று கேளுங்கள். எந்த விமான நிலையத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

படகு வேண்டாமென்றால்?

நடந்து போகலாம். 2015 ஜூலை 30 அன்று ஏரிக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்தார்கள். சுமார் 260 மீற்றர் நீளம், நீர்மட்டத்தில் இருந்து 30 மீற்றருக்கும் கீழே. நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதே சுரங்கத்துக்குள் தீவுக்கான நகரசபையின் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகின்றன. நகரசபை தனியாக இன்னொருமுறை ஏரியைத் தோண்ட வேண்டி வரவில்லை.

சீனி ஆலை இன்னும் ஏன் நகர மையத்தில் இருக்கிறது? வெளியே தள்ளக் கூடாதா?

ரெட்பாத் ஆலை 1959இல் வந்தது, அதே வருடம்தான் சென் லோரன்ஸ் கடல்வழி திறந்தது. கடல் கப்பல் நேரே ரொறன்ரோ வரை வரலாம் என்ற நம்பிக்கையில் கட்டிய ஆலை. பக்கத்தில் 2010இல் சுகர் பீச் என்று ஒரு செயற்கை மணற்கரை போட்டார்கள். ரோசா நிறக் குடைக்குக் கீழே ஆட்கள் படுத்திருப்பார்கள். சற்றுத் தள்ளிக் கிரேன் கப்பலின் வயிற்றுக்குள் கரண்டியை இறக்கிப் பழுப்புச் சீனியை அள்ளும். காற்று திரும்பினால் பாகு காய்ச்சும் மணம் வரும். ரொறன்ரோவில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது, எனவே என் பதில் பக்கச்சார்பானது.

ஆனால் காரணமும் இருக்கிறது. சீனி, வீதிக்குப் போடும் உப்பு, சீமெந்து, கட்டடக் கல், இவைதான் இந்தத் துறைமுகத்தின் முக்கியச் சரக்கு. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் தொன். ஒரு கப்பல் கொண்டுவருவதை வீதியால் கொண்டுவர நூற்றுக்கணக்கான பாரவூர்திகள் வேண்டும், அவை கார்டினர் நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் நிற்கும். நகர மையத்தில் எழும்பும் கொங்கிரீட் கோபுரங்களுக்குச் சீமெந்து பக்கத்திலேயே இறங்குவதும் லாபம்தான். துறைமுகம் வேண்டாம் என்று சொல்பவர் பலர் அந்தச் சீமெந்தில் கட்டிய வீட்டின் இருபதாம் மாடியில் இருந்துதான் சொல்கிறார்கள்.

டொன் ஆற்று முகத்தில் ஏதோ தோண்டிக்கொண்டே இருந்தார்களே, என்ன?

துறைமுகத்தின் சூழல் வேலைகளில் பழையதும் பெரியதும் இதுதான், விளம்பரம் மட்டும் குறைவு.

டொன் ஆறு முன்பு ஆஷ்பிரிட்ஜஸ் குடா என்ற பெரிய சதுப்பு நிலத்தில் பரந்து ஏரியில் கலந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலை நிலத்துக்காக அந்தச் சதுப்பை நிரப்பினார்கள். ஆற்றைச் செங்கோணமாக மடக்கிக் கீற்றிங் கால்வாய்க்குள் திருப்பினார்கள். ஓடிவந்த தண்ணீர் அந்த முடக்கில் வேகம் குறையும், கொண்டுவந்த மண்ணை அங்கேயே போடும். விட்டால் கால்வாய் மேடாகி வெள்ளம் மேலே ஏறும். அதனால் வருடா வருடம் பல்லாயிரம் கன மீற்றர் சேறு அள்ள வேண்டி வந்தது. வீதி உப்பும் எண்ணெயும் பழைய தொழிற்சாலைக் கழிவும் கலந்த சேறு, ஏரியில் கொட்ட முடியாது.

அதை லெஸ்லி வீதி முனைக்குக் கொண்டுபோனார்கள். அது ஏரிக்குள் 5 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நிலம். 1950களின் கடைசியில் இருந்து, இடித்த கட்டடங்களின் செங்கல்லும் கொங்கிரீட்டும் கொட்டிக் கொட்டி உருவானது. அதற்குள் அடைப்பாக வெட்டிய குளங்களில் சேற்றை நிரப்பினார்கள். ஒரு குளம் நிரம்பியதும் மேலே சுத்தமான மண் மூடி, சதுப்பு நிலமாக மாற்றினார்கள். இப்போது அங்கே ஆமை வெயில் காய்கிறது, நாரை நிற்கிறது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்க்காகக் குடியிருப்புகளில் ஒன்று அந்த மரங்களில்தான், மணத்தைத் தூரத்திலேயே பிடிக்கலாம். யாரும் திட்டம்போட்டுச் செய்த காடு அல்ல அது. கொட்டிவிட்டுப் போன இடத்தில் விதைகள் தாமாக விழுந்து முளைத்தன. பூங்காவாக அறிவிப்பதெல்லாம் பிறகு வந்தது.

அப்புறம் 2024இல் ஆற்றுக்குப் புதிய முகம் வெட்டித் திறந்தார்கள், பழைய செங்கோணத்துக்கு மாற்றாக வளைந்து போகும் பாதை. அதன் கரையில் 2025 கோடையில் பீடாசிகே பூங்கா திறந்தது. அனிஷினாபே மொழிப் பெயர் அது.

படகுத்துறையில் மிதக்கும் குப்பைத் தொட்டிகள் உண்மையில் வேலை செய்கின்றனவா?

சீபின் என்று பெயர். நீர்மட்டத்தில் வாளிபோல மிதக்கும். அடியில் உள்ள பம்பி தண்ணீரை இழுக்கும், குப்பை உள்ளே இருக்கும் பையில் தங்கும். 2019இல் வெளித்துறைமுகப் படகுத்துறையில் வைத்தார்கள், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு கூடவே வேலை செய்கிறது. பையைத் தட்டில் கொட்டினால் முதலில் பாசிதான் தெரியும். விரலால் பிரித்தால் சிகரெட் அடிக்கட்டை, நுரைப்பெட்டித் துண்டு, பிறகு பருப்பு அளவில் வெள்ளை உருண்டைகள். அவை தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருள் பிளாஸ்டிக்.

ஏரியைச் சுத்தமாக்க இந்தத் தொட்டிகளால் ஆகாது, ஆகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆனால் மாணவர்கள் ஒவ்வொன்றையும் எண்ணிப் பதிவு செய்கிறார்கள். உருண்டை எந்தக் கால்வாயால் வந்தது என்று பின்தொடர்ந்து போனால் எந்தத் தொழிற்சாலை வாசலில் சிந்துகிறது என்ற கேள்விக்குக் கிட்டப் போகலாம். அதுதான் பயன்.

ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள் என்று கட்டடத்தில் துண்டு ஒட்டியிருந்தார்கள். உண்மையா?

இரண்டு விஷயத்தைக் கலக்கிறார்கள். மத்திய அரசின் புதிய விதிப்படி ஓடுபாதையின் இரு முனையிலும் 150 மீற்றர் பாதுகாப்பு இடம் வேண்டும், விமானம் தவறி ஓடினாலும் தண்ணீரில் விழாமல் இருக்க. இங்கே ஓடுபாதை முடிந்ததும் ஏரி, ஆகவே நிலம் நிரப்ப வேண்டும். அந்தச் செலவுக்கு நீண்ட கால உறுதி தேவை என்று ஆணையம் கேட்டது. 2033இல் முடிய இருந்த ஒப்பந்தத்தை 2045 வரை நீட்ட நகரசபை 2024 ஒக்டோபரில் இணங்கியது. பாதுகாப்பு இடம் ஓடுபாதை அல்ல, அதில் விமானம் ஏறி இறங்காது. ஆனால் ஜெட்டுக்கு வழிவிடுவது என்பது தனிக் கதை, அது எப்போது வந்தாலும் அதற்குத் தனியாக ஒப்பந்தத்தில் கைவைக்க வேண்டும். துண்டைப் பார்த்ததும் முதலில் கேளுங்கள்: இது முனைக்கா, ஓடுபாதைக்கா?

பிள்ளைகளோடு பார்க்கப் போவதென்றால்?

விமானம் பார்க்க பாதர்ஸ்ட் வீதி அடியில் உள்ள லிட்டில் நோர்வே பூங்கா. இரண்டாம் உலகப் போரில் நோர்வே விமானிகள் இங்கே பயிற்சி எடுத்ததால் அந்தப் பெயர். கப்பல் பார்க்க சுகர் பீச், ஆனால் கப்பல் இல்லாத நாளும் உண்டு. லெஸ்லி முனைக்குச் சைக்கிளோடு சனி, ஞாயிறு போங்கள். கிழமை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் விடுவார்கள், அதுவரை பாரவூர்தி ஓடும். காருக்கும் நாய்க்கும் அனுமதி இல்லை. உள்ளே கடை கிடையாது, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். நீர்க்காக மரங்களுக்குக் கீழே தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.